திண்டுக்கல்லைப் பார்க்க மலைக்கோட்டையிலிருந்து தொடங்குங்கள்

வெளியூர் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால், பிரியாணிக்கு முன்னால் அவர்களை நான் மலைக்கோட்டைக்குத்தான் கூட்டிப்போவேன். பாறை மேல் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டால், இந்த ஊருக்காக ஏன் இத்தனை சண்டை நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும்; மேலே நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரரிடம் 'மலைக்கோட்டை' என்றால் போதும். கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, அடிவாரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், செருப்பு நல்ல பிடிப்புள்ளதாக இருக்கட்டும்.

ஏறும்போது காலடியைக் கவனியுங்கள். பாறையிலேயே வெட்டிய படிகள் அவை. அகலம் அதிகம், உயரம் குறைவு. குதிரையும் பீரங்கியும் ஏறுவதற்காக அப்படி வெட்டினார்கள் என்பார்கள். வயதானவர்களும் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் ஏறிவிடலாம்.

உச்சிக்குப் போனதும் முதலில் தெற்கே பாருங்கள். அங்கே தெரிவது சிறுமலை. தென்மேற்கில் கொடைக்கானல் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் உள்ள தாழ்நிலத்தில்தான் இன்றைக்கும் மதுரை ரோடும் ரயில் பாதையும் போகின்றன. வடமேற்கிலிருந்து மதுரைக்கு வரும் படை இந்தப் பாறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால்தான் 1605 வாக்கில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் இங்கே கோட்டை கட்டினார். திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை இதுவரை வந்துவிட்டது. தளபதி ராமப்பய்யன் விரட்டியடித்தார். பிறகு மைசூர்க்காரர்களிடமே கோட்டை போனது. 1755-ல் ஹைதர் அலி இங்கே மைசூரின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக வந்தார். அவர் பெரிய ஆளாக வளர்ந்ததற்கு அடித்தளமே திண்டுக்கல்தான் என்பேன். படை திரட்டியதும், பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு ஆயுதசாலை அமைத்ததும் இங்கேதான். ஆங்கிலேயர் 1767-லும் 1783-லும் 1790-லும் கோட்டையைப் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு இது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே நிலைத்துவிட்டது.

சரி, கட்டடங்களுக்கு வருவோம். வெடிமருந்துக் கிடங்கு, சிறை அறைகள், வீரர்கள் தங்கிய அறைகள் எல்லாம் மிச்சம் இருக்கின்றன. அவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். உச்சியில் உள்ள கோயிலில்தான் நேரம் செலவிடுங்கள். தூண்களில் சிற்பங்கள் இருக்கின்றன, கருவறையில் சாமி இல்லை. கீழே ஊருக்குள் இருக்கும் அபிராமி அம்மன் கோயிலில்தான் இப்போது வழிபாடு. தூண்களில் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவாருங்கள்.

இறங்கியதும் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். மாசித் திருவிழா சமயத்தில் வந்தால் கூட்டத்துக்குத் தயாராக வாருங்கள். அப்புறம் பேகம்பூர் பள்ளிவாசல். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது, பேட்டைக்கே அவர் பெயர்தான். சாப்பாட்டுக்குச் சீரகச் சம்பா பிரியாணி. கடைத்தெருவில் கையால் செய்த பூட்டு கிடைத்தால் ஒன்று வாங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. மெஷின் பூட்டு வந்த பிறகு அதைச் செய்யும் கைகள் குறைந்துவிட்டன.

பழனி போகிறவர்கள் வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டி, விருப்பாச்சியில் இறங்குங்கள். 1772-ல் கணவரைக் காளையார்கோவிலில் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தது இந்த ஊர்ப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். ஹைதர் அலியின் துணையோடு 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அதே கோபால் நாயக்கரைத்தான் 1801-ல் ஆங்கிலேயர் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு விருப்பாச்சியில் மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். கோட்டை பார்க்க வருகிற முக்கால்வாசிப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.