மீந்த சப்பாத்தியில் ஓவன் சிப்ஸ்: மொறுமொறுப்பைக் கெடுக்கும் தவறுகள்

இரவு மீந்த நான்கு சப்பாத்தியைத் துண்டாக்கி, எண்ணெய் தடவி ஓவனில் வைத்தால் மாலைக் காப்பிக்கு நொறுக்குத்தீனி தயார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், ஓரம் கருகி, நடுப்பகுதி தோல்போல இழுபடும் துண்டுகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. சிப்ஸுக்கு நிறம் வருவதற்கு முன்பே அதிலுள்ள நீர் வெளியேறியாக வேண்டும். இந்த வரிசை தலைகீழாவதே பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

ஓடிஜியை (வீட்டில் மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) 200 டிகிரிக்கு மேல் வைப்பது அவற்றில் முதன்மையானது. அந்தச் சூட்டில் மெல்லிய ஓரங்கள் சில நிமிடங்களிலேயே சிவந்துவிடும், நடுவிலுள்ள ஈரமோ அப்படியே தங்கிவிடும். 160 டிகிரியில் 10 நிமிடம் முன்சூடு செய்து, நடுத்தட்டில் வைத்து, பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிப்போட்டால் 10 முதல் 15 நிமிடத்துக்குள் வேலை முடியும். பால் அல்லது தயிர் சேர்த்துப் பிசைந்த சப்பாத்தி சீக்கிரம் சிவக்கும் என்பதால், அதற்கு 10 டிகிரி குறைத்துக்கொள்வது நல்லது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளவை ஆவியிலேயே வெந்து சவசவத்துப்போகும்.

சூடாக இருக்கும்போதே கடித்துப் பார்த்து, இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று மேலும் ஐந்து நிமிடம் விடுவதும் தவறு. மாவுப்பண்டம் ஆறும்போதுதான் இறுகி மொறுமொறுப்பாகும். ஆகவே ஒரு துண்டை மட்டும் வெளியே எடுத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஒடித்துப் பார்க்க வேண்டும். ‘சடக்’கென்று முறிந்தால் தட்டை உடனே எடுத்துவிடலாம்.

சப்பாத்தியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. அப்போதுதான் சுட்டதைவிட நேற்றைய சப்பாத்தி விறைப்பாக இருக்கும், கத்தரிக்கோலுக்குச் சுத்தமாக வெட்டுப்படும். நன்றாக உப்பிய புல்காவை இரண்டு ஏடாகப் பிரித்துக்கொண்டால் அப்பளத்தைப்போல மெல்லிய சிப்ஸ் கிடைக்கும். பரோட்டா இதற்குச் சரிப்படாது. அதன் அடுக்குகளுக்கிடையே உள்ள எண்ணெய் கசிந்து பிசுபிசுப்பாகிவிடும். மைக்ரோவேவை அதன் சாதாரண முறையில் பயன்படுத்துவதையும் தவிர்க்கலாம், ஏனெனில் அது துண்டை முதலில் ரப்பராக்கி, பிறகு கல்லாக்குகிறது. சூடான காற்றை விசிறியால் சுழற்றும் கன்வெக்ஷன் முறை அதில் இருந்தால் தடையில்லை.

மசாலா விஷயத்தில்தான் கைவண்ணம் காட்ட ஆசைப்பட்டுப் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். மிளகாய்த்தூளையும் இட்லிப் பொடியையும் எண்ணெயில் குழைத்துத் தடவி உள்ளே வைத்தால், முன்பே வறுபட்ட பருப்பும் மிளகாயும் மறுபடி வறுபட்டுக் கசந்துவிடும்; அடுக்களை முழுக்கக் கமறலெடுப்பது தனிக்கதை. இஞ்சி-பூண்டு விழுதும் கூடாது, அது போக்க நினைத்த நீரைத் திரும்பக் கொண்டுவருகிறது. நான்கு சப்பாத்திக்கு இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஓமம் அல்லது சீரகம் ஆகியவற்றோடு பேக் செய்து, வெளியே எடுத்த சூட்டிலேயே இட்லிப் பொடியோ சாட் மசாலாவோ தூவிக் குலுக்கினால், மேலேயுள்ள எண்ணெய்ப் பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். மாவில் ஏற்கெனவே உப்பு இருப்பதையும், பொடியிலும் உப்பு இருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

சென்னையில் இதற்கு மேலும் ஓர் எதிரி உண்டு. கடற்காற்றின் ஈரத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில், திறந்து வைத்த தட்டு சிறிது நேரத்திலேயே நமத்துப்போகும். அதற்குப் பயந்து சூட்டோடு டப்பாவில் அடைத்தாலோ, மூடியில் முத்துமுத்தாக நீர் கோத்து எல்லாம் வீணாகும். கம்பித்தட்டில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, உடனே இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். நமத்துப்போனவற்றை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுக்கும். சிக்கு வாடை அடிக்கத் தொடங்கியவற்றுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.