'யூசரை அதுவே போட்டுக்கும்': மெயில் ஃபில்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் டொமைனை மெயில் ஃபில்டரில் (மெயில் சர்வருக்கு முன்னால் நின்று ஸ்பேமைத் தடுப்பது) சேர்த்துவிட்டு, "அண்ணா, யூசரெல்லாம் அதுவே போட்டுக்கிற மாதிரி டிக் பண்ணிட்டேன்" என்றார். வயிற்றைக் கலக்கியது. அதே டிக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். எம்எக்ஸ் ரெக்கார்டை (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்ற மறப்பது போன்றவை ஒரு மணி நேரத்தில் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருகிற மெயிலை நம்பி அக்கவுன்ட் திறப்பது

தனக்குத் தெரியாத முகவரிக்கு மெயில் வந்தால், "இப்படி ஒருத்தர் இருக்காரா?" என்று ஃபில்டர் பின்னாலிருக்கும் மெயில் சர்வரைக் கேட்கும். அப்படிக் கேட்கும் ஆர்சிபிடி டூ (RCPT TO) கட்டளைக்கு 250, அதாவது 'சரி' என்று பதில் வந்தால் அக்கவுன்ட் திறக்கும். 550, அதாவது 'இல்லை' என்று வந்தால் மெயிலை வாங்காது. சர்வர் உண்மை பேசினால் அருமையான ஏற்பாடு.

என் வாடிக்கையாளரின் சர்வரிலோ கேட்ச்-ஆல் போட்டிருந்தது, அதாவது இல்லாத பெயருக்கு வரும் மெயிலையும் வாங்கி ஒரே பெட்டியில் போடும் ஏற்பாடு. எந்தப் பெயரைக் கேட்டாலும் 250. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிக் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் சேல்ஸ், இன்ஃபோ, ஜான், டேவிட் என்று வாய்க்கு வந்த பெயர்களுக்கெல்லாம் அனுப்பிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால், 42 பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு 1,900 சொச்சம் யூசர். லைசென்ஸோ தலைக்கணக்கு.

பில்லைக்கூடப் பேசிச் சமாளித்துவிட்டேன். ஒவ்வொரு பொய் யூசருக்கும் தினசரி குவாரன்டைன் அறிக்கை (ஃபில்டர் தடுத்து வைத்த மெயில்களின் பட்டியல்) கிளம்பி, அத்தனையும் கேட்ச்-ஆல் பெட்டியில் போய் விழுந்தது. அந்தப் பெட்டி முதலாளியுடையது. போனில் அவர் ரொம்ப மெதுவாகப் பேசினார், திட்டியிருந்தால் தேவலை. அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன், டிக்கை எடுக்காமல். மறுநாள் பாதிப் பேர் திரும்பி வந்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

இப்போதெல்லாம் முதல் வேலை டெல்நெட், அதாவது சர்வரோடு நேரடியாகக் கட்டளை தட்டிப் பேசும் கருவி. சர்வர் மெயில் வாங்கும் 25ஆம் போர்ட்டில் நுழைந்து, கீபோர்டில் கண்டபடி தட்டிய ஒரு பெயருக்கு ஆர்சிபிடி டூ கொடுத்துப் பார்ப்பேன். 550 5.1.1 வந்தால் நிம்மதி. 250 வந்தால் டிக்கைத் தொடாதீர்கள். சொந்தமாக நடத்தும் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வர்) 2013-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இன்னொரு வம்பு: பெறுநர் சரிபார்ப்பை இயக்கியிருந்தாலும் 25ஆம் போர்ட் அந்தக் கட்டத்தில் 250தான் சொல்லும். மறுப்பு, மெயிலின் உள்ளடக்கம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். உடனடியாக நிஜப் பதில் வேண்டுமென்றால் 2525ஆம் போர்ட்டில் கேட்க வேண்டும்.

தம்பியின் வாடிக்கையாளருக்கும் சோதித்தோம். 250. டிக்கை எடுத்துவிட்டு, கம்பெனியின் யூசர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து எல்டாப் (LDAP) சின்க் போட்டோம். ஃபில்டர் அந்தப் பட்டியலைப் படித்து யூசர்களைச் சேர்க்கும்.

சின்க் 1,000-த்தில் நிற்பது

சின்க்குக்கும் ஒரு பள்ளம் உண்டு. ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஒரு கேள்விக்கு 1,000 பதிவுகளுக்கு மேல் தராது. பேஜிங் இல்லாமல், அதாவது பக்கம் பக்கமாகப் பிரித்து வாங்காமல் கேட்டால் 1,001ஆம் ஆள் பட்டியலில் இருக்க மாட்டார். 'டைரக்டரியில் இல்லாதவரை நீக்கு' என்பதும் இயங்கினால் அவர் மெயில் அன்றோடு நின்றது. எண்ணிக்கை மிகச்சரியாக 1,000 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள்.

அலியாஸைத் தனி ஆளாக எண்ணுவது

அலியாஸ் என்பது ஒரே ஆளின் கூடுதல் மெயில் முகவரி. அவை இருக்கும் பிராக்ஸி அட்ரசஸ் (proxyAddresses) பண்பையும் சேர்த்துப் படிக்கச் சின்க்கிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரே ஆளுக்கு மூன்று லைசென்ஸ்.

வேலையை விட்டுப் போனவர்கள்

முடக்கிய அக்கவுன்ட்டும் டைரக்டரியில் இருக்கும். சின்க்கில் வராதபடி வடிகட்டுங்கள்.