பழைய மாருதிக்கு போர் தண்ணீர் வேண்டாம்

அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. சேலத்தில் இருக்கிறோம். அந்த வண்டி எங்களை நடுவழியில் நிறுத்தியது ஒரே ஒரு முறைதான். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டிய இடத்தில், சித்திரை வெயிலில், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பிரித்துப் பார்த்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. ரேடியேட்டரின் மேல் டேங்கைத் திறந்தபோது, பாதிக் குழாய்கள் வெள்ளைப் பொருக்கும் துருவுமாக அடைத்துக் கிடந்தன. பல வருடங்களாக நாங்கள் ஊற்றி வந்தது வீட்டு போர் தண்ணீர்.

“நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?” என்று பட்டறைகளில் இன்றும் கேட்கிறார்கள். தண்ணீர் உறையாமல் காப்பது, ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் திரவத்தின் ஒரு வேலை மட்டும்தான். நமக்கு முக்கியம் அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. பழைய வண்டியில் செம்பு, பித்தளை, ஈயப்பற்று, அலுமினியம், இரும்பு எல்லாம் ஒரே தண்ணீரில் நனைகின்றன. மருந்து இல்லாத தண்ணீரில் இவை பேட்டரிக்குள் இருக்கும் தகடுகளைப் போல ஒன்றால் ஒன்று அரிக்கப்படும். போர் தண்ணீர் என்றால் அதன் சுண்ணாம்பு வேறு, சூடு அதிகமாக இருக்கும் இடமாகப் பார்த்துப் படியும். வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

சரி, எந்த கூலண்ட் வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம். கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி 3306, ஐ.எஸ். 5759 ஆகிய தர எண்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றிய செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால், என் தேர்வு பழைய வகை ஐ.ஏ.டி. (கனிம உப்பு மருந்து கலந்த) கூலண்ட்தான். அதை 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். ரேடியேட்டர் அலுமினியத்துக்கு மாறியிருந்தால் ஓ.ஏ.டி. (கரிம அமில மருந்து கலந்த) வகை போடலாம், அது 5 வருடம் வரை தாங்கும். இரண்டையும் கலக்க மட்டும் வேண்டாம். கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும், சில சமயம் கூழாகவும் திரளும்.

தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸா, கலக்காத கான்சன்ட்ரேட்டா என்பதையும் பார்த்து வாங்குங்கள். கான்சன்ட்ரேட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவது தப்பு. கூலண்டின் மூலப்பொருளான கிளைக்காலை விடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகக் கடத்தும். நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். கலக்கும் தண்ணீர் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டராக இருக்கட்டும்.

மாற்றும் வேலையை ஞாயிறு காலையில், முந்தின இரவு முதல் வண்டி நின்று ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் அழுத்தத்தில் அடங்கியிருக்கும், திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, கீழே அகலமான பேசின் வைத்து ட்ரெயின் பிளக்கைத் திறங்கள். அப்புறம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, இன்ஜினைச் சூடேறும் வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை இப்படியே. என் வண்டிக்கு நான்கு முறை தேவைப்பட்டது. கடைசி முறை மட்டும் டிஸ்டில்ட் வாட்டர்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரேடியேட்டரை வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் ரெடிமிக்ஸை ஊற்றினால் கூலண்ட் நீர்த்துப்போகும். அதனால் வண்டியின் கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து, அதில் பாதி அளவு கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள். மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். காற்றுக் குமிழ் வந்து மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் நிற்கவே இல்லையென்றால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு. அதைப் பட்டறைகள் படுத்தும் பாட்டைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு. வண்டி சூடானால் நம் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் செய்வது அதைக் கழற்றி எறிவதும், ரேடியேட்டர் ஃபேனை எப்போதும் ஓடும்படி டைரக்ட் செய்வதும்தான். எங்கள் வண்டிக்கும் ஒரு பட்டறையில் இதைத்தான் செய்திருந்தார்கள். வால்வு இல்லாத இன்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அடைத்துப்போன ரேடியேட்டரை அந்த வைத்தியம் வெளியே தெரியாமல் மறைத்துவிடும், மலை ஏறும் வரைக்கும்.

வால்வைச் சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். என்னுடையதில் 82 என்று பொறித்திருக்கிறது. அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுதாகத் திறந்துவிட வேண்டும். திறக்கவில்லையா, புதிது வாங்கிவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். என் மூடியில் 0.9 என்ற அழுத்த எண் இருக்கிறது, புதிதிலும் அதே எண் வேண்டும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு ஏற்காடு ஏறினால், அந்த 1,500 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் ஆயுள் முடிந்தது. வாட்டர் பம்ப் அடியில் ஈரக்கோடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவது நம் ஊர் வழக்கம். நடுக்காட்டில் வீடு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதே தூள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வீடு வந்ததும் ரேடியேட்டர் பட்டறைக்குப் போய்விடுங்கள். செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் பற்றித் தருவார்கள். எங்களுடையதை அப்படித்தான் மீட்டோம்.

வடித்த பழைய கூலண்டை வாசலில் விட்டுவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெருநாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். நான் மூடியுள்ள கேனில் ஊற்றி, விஷம் என்று எழுதி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுக்கொண்டு கொடுக்கிறேன். மாற்றிய தேதியையும் கூலண்ட் வகையையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன், அடுத்து யார் திறந்தாலும் எதை ஊற்றுவது என்று தெரிய வேண்டுமே.