கடலோர வெயிலில் பழ பஃப்ஸ்: வெண்ணெய் உருகாமல் மாவை மடிக்கும் வழி

பஃப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. மாவும் வெண்ணெயும் மெல்லிய தாள்களாக மாறி மாறி அடுக்கியிருப்பதால்தான் அது உப்புகிறது. ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் நீர் ஆவியாகி ஒவ்வொரு மாவுத் தாளையும் மேலே தூக்கும். இடையில் இருக்கும் கொழுப்பு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும். தேய்க்கும்போதே வெண்ணெய் உருகி மாவுக்குள் இறங்கிவிட்டால் அடுக்கே இருக்காது. வெந்து வருவது கனத்த பிஸ்கட்டாகத்தான் இருக்கும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டில் பஃப்ஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெண்ணெய் ஒடியாமல் வளைவது சுமார் 13 முதல் 16 டிகிரி செல்சியஸில். 20 தாண்டினால் தொய்ந்துவிடும், 32-க்கு மேல் உருகி ஓடும். சித்திரை, வைகாசியில் நம் சமையலறை நடுப்பகலில் 33 டிகிரிக்குக் கீழே இறங்காது. தை மாத விடியலில் 22 வரை இறங்கும். செய்முறைப் புத்தகத்தில் ‘அரை மணி நேரம் ஆறவிடவும்’ என்று போட்டிருந்தால் அது குளிர் நாட்டுக் கணக்கு. இங்கே கடிகாரத்தைவிட விரலை நம்ப வேண்டும். மாவை அழுத்தும்போது வெண்ணெய் வழுக்குவது போலத் தெரிந்தால், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் உடனே ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள்.

வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் நாள் சாயங்காலம் பழக்கலவை, மாவு, முதல் மூன்று மடிப்பு. மறுநாள் காலை ஐந்து ஐந்தரைக்கு மீதி. ஏசி அறை இருந்தால் அங்கே ஒரு மேசையைத் துடைத்துப் போட்டுச் செய்யுங்கள். கோடையில் அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை.

பொருள்கள்

பன்னிரண்டு பஃப்ஸுக்கு மைதா 250 கிராம், உப்பு 5 கிராம், மாவில் பிசைய 25 கிராம் வெண்ணெய், அடுக்குக்கு 200 கிராம் வெண்ணெய், ஐஸ் தண்ணீர் 120 முதல் 125 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். புளிப்பு, மாவை இழுத்த இழுப்புக்கு வர வைக்கும். மேலே பூச ஒரு முட்டை. முட்டை வேண்டாதவர்கள் இரண்டு ஸ்பூன் பாலில் ஒரு ஸ்பூன் க்ரீம் கலந்து பூசலாம். நிறம் வரும், பளபளப்பு கொஞ்சம் குறையும்.

கடையில் 100 கிராம் கட்டியாக விற்கும் உப்பில்லாத வெண்ணெய்தான் இதற்குச் சரி. உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் மாவில் போடும் உப்பை விட்டுவிடுங்கள். வீட்டில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெய் ருசியில் உசத்தி, ஆனால் அதில் நீர் அதிகம். தேய்க்கும்போது நீர் பிரிந்து மாவை நனைத்துவிடும். நெய்யும் ஆகாது. அது மணல் போல உறைவதால் தாளாகப் பரவாது. பேக்கரிகளில் பஃப்ஸுக்கென்றே தனி மார்ஜரின் வாங்குவார்கள். அது உடல் சூட்டிலும் முழுதாக உருகாது, அதனால் எந்த வெயிலிலும் அடுக்கு நிற்கும். அதே காரணத்தால் சாப்பிடும்போது மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இவ்வளவு பாடுபட்டுச் செய்யும்போது வெண்ணெயிலேயே செய்யுங்கள்.

பழக்கலவை முதலில்

கலவை நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால் இதிலிருந்து தொடங்குங்கள். பழத்தை வேக வைக்காமல் வெட்டி அப்படியே வைக்காதீர்கள். ஓவனில் சாறு விட்டு, ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அடிப்பக்கம் வேகாமல் கொழகொழவென்று நிற்கும்.

பண்ருட்டிப் பலா வரத்து இருக்கும் மாதங்களில் அதைவிடப் பொருத்தமான பழம் இந்தப் பக்கத்தில் இல்லை. சுளை கெட்டியாக இருக்கும் வருக்கை ரகமாகப் பார்த்து வாங்குங்கள். குழைந்துபோகும் ரகம் கூழாகிவிடும். கொட்டை நீக்கிய சுளை 400 கிராமை விரல் நுனி அளவுக்கு வெட்டி, கால் கப் தண்ணீர், 60 கிராம் பொடித்த வெல்லம் சேர்த்து அகலமான வாணலியில் 10 முதல் 12 நிமிடம் கிளறுங்கள். இறக்கும்போது மூன்று ஏலக்காய் பொடித்துப் போட்டு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பலாவில் புளிப்பு குறைவு; வெண்ணெயோடு சேரும்போது இந்தத் துளிப் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது கடியிலேயே திகட்டும்.

பலா இல்லாத மாதங்களில் அன்னாசி. பெரிய மார்க்கெட்டில் வாங்கும்போது அடிப்பக்கத்தை முகர்ந்து, வாசனை வரும் காயாக எடுங்கள். தோலும் நடுத்தண்டும் நீக்கி 500 கிராம், சர்க்கரை 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சாறு முக்கால்வாசி வற்றியதும் இரண்டு டீஸ்பூன் கார்ன்ஃப்ளவரை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மேலும் இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். மாம்பழம் என்றால் கையில் அழுத்தினால் உறுதியாக இருக்கும் பங்கனபள்ளி. சர்க்கரை 40 கிராம் போதும், 8 நிமிடம் போதும்.

எந்தப் பழமானாலும் பதம் ஒன்றுதான். கரண்டியால் வாணலி நடுவே ஒரு கோடு இழுத்தால் கலவை ஓடிவந்து மூடாமல் நிற்க வேண்டும். இறக்கி எடை போட்டால் 300 கிராமை ஒட்டி இருக்கும். தட்டில் பரப்பி ஆற வைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மாவும் வெண்ணெய்க் கட்டியும்

மைதாவில் உப்பைக் கலந்து, 25 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்த்து ஒன்றாகத் திரட்டுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அடித்துப் பிசையக் கூடாது. பசைத்தன்மை ஏறிவிட்டால் தேய்க்கத் தேய்க்க ரப்பர் போலப் பின்வாங்கும், வெந்ததும் சுருங்கிக் கோணும். மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சதுரமாகத் தட்டி, கவரில் சுற்றி 45 நிமிடம் ஃப்ரிட்ஜில்.

200 கிராம் வெண்ணெயை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, சப்பாத்திக் கட்டையால் தட்டித் தட்டி 14 சென்டிமீட்டர் சதுரமாக்குங்கள். கனம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். 15 நிமிடம் குளிர வையுங்கள். வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒடிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் வெளியே இருக்கட்டும். விரலில் ஒட்டினால் மறுபடி உள்ளே. மாவும் வெண்ணெயும் ஒரே இறுக்கத்தில் இருப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. வெண்ணெய் அதிகம் இறுகியிருந்தால் மாவுக்குள்ளே துண்டு துண்டாக உடையும். வெந்த பஃப்ஸில் ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் படிந்து கிடப்பது அதனால்தான்.

மடிப்பு

கிரானைட் மேடை மேல் ஐஸ் கட்டி நிரப்பிய தட்டைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரம் போகத் துடையுங்கள். கடல் காற்றில் குளிர்ந்த கல் உடனே வியர்க்கும். அந்த ஈரம் மாவில் ஏறினால் ஒட்டும், அதனால் துடைத்த கையோடு மைதா தூவிவிடுங்கள்.

மாவை 20 சென்டிமீட்டர் சதுரமாகத் தேய்த்து, வெண்ணெய்க் கட்டியை 45 டிகிரி திருப்பி, அதன் நான்கு முனையும் மாவின் நான்கு பக்கத்தின் நடுவைத் தொடும்படி வையுங்கள். மாவின் மூலைகளை நடுவுக்குக் கொண்டுவந்து கடிதக் கவர் போல மூடி, சேரும் கோட்டைக் கிள்ளி ஒட்டுங்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது.

உடனே தேய்க்கத் தொடங்காதீர்கள். முதலில் கட்டையைக் குறுக்கே வைத்து ஒரு விரல் இடைவெளியில் அமுக்கிக்கொண்டே போங்கள். வெண்ணெய் உடையாமல் பரவும். பிறகு நீளவாக்கில் மட்டும் தேய்த்து 15-க்கு 45 சென்டிமீட்டர் ஆக்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூன்றாக மடியுங்கள். இது ஒரு மடிப்பு. மூடிய விளிம்பு இடக்கைப் பக்கம் வரும்படி திருப்பி வைத்து, மறுபடி நீளமாகத் தேய்த்து மூன்றாக மடியுங்கள். குளிர்காலத்தில் இரண்டு மடிப்பை ஒரே மூச்சில் போடலாம். கோடையில் ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு 30 முதல் 40 நிமிடம் ஃப்ரிட்ஜ். எத்தனையாவது மடிப்பு என்பது மறந்துபோகும், அதனால் மாவில் அத்தனை விரல் குழி போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு மடிப்புக்கும் வெண்ணெய்த் தாள் மூன்று மடங்காகும். நாலு மடிப்பில் 81, ஐந்தில் 243, பிரெஞ்சு முறைப்படி ஆறு போட்டால் 729. நம் சூட்டுக்கு ஐந்துதான் சரியான இடம். ஆறாவதில் தாள்கள் மெலிந்து ஒன்றில் ஒன்று கரையும். மூன்றோடு நிறுத்தினால் வெண்ணெய்த் தாள் தடிமனாக இருந்து ஓவனில் வழிந்து ஓடும். எங்காவது வெண்ணெய் எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் மைதாவை அழுத்தித் தூவி, குளிர வைத்துத் தொடருங்கள். நடுவில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்கவே வேண்டாம். மாவு உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

வெட்டுவது, நிரப்புவது

கடைசி மடிப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் குளிர்ந்த மாவை 4 மில்லிமீட்டர் கனத்துக்கு, 32-க்கு 42 சென்டிமீட்டராகத் தேய்த்து, நான்கு ஓரத்தையும் சீவிவிடுங்கள். மடிந்த ஓரத்தை விட்டுவைத்தால் அந்தப் பக்கம் உப்பாது. 10 சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு வரும். கூரான கத்தியை மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள். இழுத்து அறுத்தாலோ கத்தி மழுங்கியிருந்தாலோ தாள்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். சீவிய துண்டுகளைப் பிசைந்து உருட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்து, சர்க்கரை தூவிச் சுட்டால் குழந்தைகளுக்கு ஆகும்.

சதுரத்தின் நடுவே வறுத்துப் பொடித்த முந்திரி அரை டீஸ்பூன் தூவுங்கள். பண்ருட்டிப் பக்கம் உடைந்த முந்திரி மலிவாகக் கிடைக்கும், அது போதும். பழத்தின் மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். அதன் மேல் கலவை ஒரு மேசைக்கரண்டி, அதாவது 25 கிராம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வெடிக்கும். இரண்டு ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, வெட்டு விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி அழுத்துங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதே மாவை வட்டமாக வெட்டி, ஆப்பிள் வைத்து அரைநிலாவாக மடிப்பதற்கு ஷோசோன் என்று பெயர். வீட்டில் போடும் செருப்பு என்று பொருள். அந்த வடிவமும் அழகுதான், ஆனால் மாவு வீணாகும்.

முட்டையை மேலே மட்டும் பூசுங்கள். வெட்டு விளிம்பில் வழிந்தால் அது பசையாகி அடுக்கை எழவிடாது. ஆவி போக மேலே இரண்டு சிறு கீறல் போட்டு, தட்டோடு 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

சுடுவது

ஓடிஜியில், அதாவது மேடையில் வைக்கும் சிறிய மின் ஓவனில், மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டையும் போட்டு 210 டிகிரியில் 20 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். மின்விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 190 போதும். பல வீட்டு ஓவன்களில் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் வேறு வேறு; உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீரும். நடுத்தட்டில் வைத்து 210-ல் 15 நிமிடம், பிறகு 180-க்குக் குறைத்து 12 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். ஆவி வெளியேறிச் சூடு இறங்கினால், எழுந்த தாள் அப்படியே அமுங்கும்.

தட்டில் வெண்ணெய் குளம் கட்டினால் ஓவன் சூடு போதவில்லை, அல்லது உள்ளே போகும்போது மாவு குளிர்ந்திருக்கவில்லை. மேலே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். நிறத்தைப் பார்த்து எடுக்காமல், ஒன்றைக் கவிழ்த்து அடிப்பக்கமும் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். பொன்னிறத்தைத் தாண்டிச் செம்பழுப்பு வந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். எடுத்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றி 15 நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் பழம் அதுவரை நாக்கைப் பொசுக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் மொறுமொறுப்பு நாலைந்து மணி நேரம் தாங்கினால் அதிகம். நமத்துப்போனதை மைக்ரோவேவில் வைத்தால் தோல் போலாகிவிடும். ஓவனில் 160 டிகிரியில் ஆறு நிமிடம் வைத்தால் மீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுடாமல், நிரப்பி மடித்ததைப் பச்சையாகவே தட்டில் உறைய வைத்துக் காற்றுப் புகாத கவரில் போட்டால் ஃப்ரீசரில் ஒரு மாதம் இருக்கும். விருந்தாள் வந்ததும் உருகவிடாமல் அப்படியே முட்டை பூசி ஓவனில் தள்ளுங்கள். நேரம் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.