பி.இ. லைசென்ஸுக்கு நான்கு வருடம் உழைத்தால் மட்டும் போதாது

எங்கள் டீமில் சேர்ந்திருக்கும் திருச்சிப் பையன் போன வாரம் டெக்சாஸில் பி.இ. எனப்படும் 'புரொஃபஷனல் இன்ஜினியர்' லைசென்ஸுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தான். ஐந்து வருட வேலை, மூன்று கம்பெனி. என்ன வேலை பார்த்தான் என்பதற்கு ஒரு மேலதிகாரியிடமும் கையெழுத்து வாங்கி வைக்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் வெறுங்கையோடு நின்றேன். லைசென்ஸுக்கான முதல் தேர்வான எஃப்.இ.க்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பட்டமும் லைசென்ஸும் ஒன்றல்ல

ஊரில் வாங்கியது பி.இ. பட்டம். இங்கே வாங்க வேண்டியது 'புரொஃபஷனல் இன்ஜினியர்' லைசென்ஸ். தமிழில் எழுதினால் இரண்டும் பி.இ.தான், சட்டத்தின் கண்ணில் முதலாவது இரண்டாவதுக்கான வாசல்படி மட்டுமே. ஊர்ப் பட்டம் என்றால், லைசென்ஸ் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பின் மதிப்பீடு கேட்பார்கள். அதற்கு மதிப்பெண் சான்று பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும். அந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

அனுபவத்துக்குச் சாட்சி

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அங்கீகாரம் பெற்ற படிப்பு படித்தவருக்கே நான்கு வருட அனுபவம் வேண்டும். நாள்கள் ஓடினால் அனுபவம் சேர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். என் முதல் கம்பெனியை மூடினார்கள். மேற்பார்த்த பி.இ. ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அலைபேசி எண்ணும் மாறிவிட்டது. இரண்டு வருடம் மூன்று மாதம் வேலை பார்த்தேன் என்பதற்குச் சம்பளச் சீட்டு இருந்தது. என்ன வேலை பார்த்தேன் என்று சொல்ல, லைசென்ஸ் உள்ள ஒருவர்கூட இல்லை. அத்தனையும் கணக்கில் ஏறாமல் போயிற்று.

டெக்சாஸில் அனுபவத்தை எஸ்.இ.ஆர். என்ற படிவத்தில் எழுதித் தர வேண்டும். பையன் எழுதியிருந்தது: "பால வடிவமைப்பில் உதவினோம்." இதில் அவன் எங்கே? எந்தத் தூணுக்கு, எந்தச் சுமையைக் கணக்கிட்டான், எதை மாற்றச் சொன்னான், ஏன்? 'நாங்கள்' வேண்டாம், 'நான்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு புராஜெக்ட் முடிந்ததும் அரைப் பக்கம் எழுதி வையுங்கள். வேலையை விடும்போது, பிரிவு விருந்துக்கு முன்னால் அந்தப் பி.இ.யிடம் சரிபார்த்து வாங்குங்கள். என்.சி.இ.இ.எஸ். வைத்திருக்கும் உங்கள் ரெக்கார்டில் அப்போதே ஏற்றிவிட்டால் பின்னாளில் அவரைத் தேடி அலைய வேண்டாம். ஆர்கிடெக்ட்கள் தங்கள் லைசென்ஸுக்கு வேண்டிய 3,740 மணி நேர அனுபவத்தை வேலை நடக்க நடக்கவே பதிந்து வருகிறார்கள். நம் ஆட்களிடம் அந்தப் பழக்கம் இல்லை.

மேலதிகாரி பி.இ.யா என்று வேலையில் சேரும் முன்பே கேளுங்கள். லைசென்ஸ் தரும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். இதைக் கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

பக்கத்து மாநிலம்

லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. வரைபடத்தில் பி.இ. போடும் டெக்சாஸ் முத்திரை லூசியானாவில் செல்லாது.

மனையின் எல்லை

எல்லைக்கல் எங்கே என்று சொல்வது பி.இ.யின் வேலை அல்ல, லைசென்ஸ் பெற்ற சர்வேயரின் வேலை. டெக்சாஸில் 2019இல் பொறியாளர், சர்வேயர் வாரியங்கள் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். லைசென்ஸ் இன்னும் தனித்தனிதான்.

பார்க்காத வரைபடத்தில் முத்திரை

வெள்ளிக்கிழமை சாயங்காலம், "சும்மா ஒரு சீல் போட்டுக் கொடுங்க" என்பார்கள். 1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் சிட்டி ஹயட் ரீஜென்சி ஓட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து இரண்டு பாதைகளையும் ஒரே நீளக் கம்பிதான் தாங்குவதாக இருந்தது. அதை இரண்டு துண்டாக்கியதில், மேல்பாதையின் உத்திரத்தடி நட்டின் மீது பாரம் இரட்டிப்பானது. அந்த மாற்றம் இருந்த, இரும்பு வேலை செய்த கம்பெனியின் பட்டறை வரைபடத்தில் பொறியாளர்களின் பரிசீலனை முத்திரை இருந்தது. மிசூரியில் இரண்டு பொறியாளர்களின் லைசென்ஸ் பறிபோனது. இணைப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்காத எந்தத் தாளையும் நான் வெள்ளிக்கிழமை அனுப்புவதில்லை.

புதுப்பித்தல்

டெக்சாஸில் வருடா வருடம். 15 மணி நேரத் தொடர்கல்வி, அதில் ஒரு மணி நேரம் தொழில் நெறி.