காரில் சத்தம் எங்கிருந்து வருகிறது? நீங்களே தேடிப் பார்க்கலாம்

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், மெக்கானிக்கிடம் போய் அதை வாயாலேயே போட்டுக் காட்டுவோம். அவருக்கு அதைவிட உதவுவது, சத்தம் எப்போது வருகிறது என்ற தகவல்தான். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் காரில் உள்ள சாமான்களை எல்லாம் வெளியே எடுங்கள். சிரிக்க வேண்டாம். சஸ்பென்ஷன் போய்விட்டது என்று நான் இரண்டு வாரம் கவலைப்பட்ட 'லொடலொட', டிக்கியில் கழன்று கிடந்த ஜாக்கிக் கம்பி!

அடுத்து, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். நிற்கும்போதே சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம் பாருங்கள். ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் சக்கரப் பக்கம்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்தினால் முதல் சந்தேகம் பெல்ட் மேல். 'டிக் டிக்' என்றால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்து, சூடேறியதும் அந்த டிக் டிக் குறைகிறதா? புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. வண்டிக்குள் வந்தால் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, ஓடும்போது 'ஊம்ம்' என்று இரைச்சல், வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது. டயரா, சக்கரத்தைத் தடையில்லாமல் சுழல விடும் பேரிங்கா? இங்கேதான் பலரும் குழம்புவார்கள். சாலையின் தளம் மாறியதும் சத்தமும் மாறினால் டயர். வண்டி நின்ற பிறகு டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னும் மெதுவாகத் தடவுங்கள் (கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு). ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது. வீல் அலைன்மென்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தளம் மாறியும் சத்தம் அப்படியே இருந்து, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். அப்போது இரைச்சல் கூடினால் அநேகமாக இடது பேரிங்தான்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக் டக் டக்' என்றால், முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். மேடு பள்ளத்தில் மட்டும் 'தட்' என்றால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராட், புஷ், ஷாக் அப்சார்பர் போன்ற பாகங்கள்மேல் சந்தேகம்.

பிரேக் போடும்போது வரும் கீச்சொலி, பேட் தேய்ந்துவிட்டதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். அதுவே இரும்போடு இரும்பு உரசும் 'கரகர'வாகிவிட்டால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

அப்புறம் காற்றுச் சத்தம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, வெளியே இழுங்கள். சுற்றிலும் பல இடங்களில் இப்படிச் செய்யுங்கள். தாள் எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ, அங்கே கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது.