என்எஃப்எல் வருவாயில் வீரர்களின் பங்கைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், வருவாயில் 48 சதவீதம் வீரர்களுக்குப் போகிறது என்ற ஒற்றை வரியைப் படித்தவுடன், மீதி 52 சதவீதம் அணி உரிமையாளர்களின் பைக்குள் போய்விடுகிறது என்று முடிவு கட்டுவோர் பலர். எந்தத் தொகையின் மேல் அந்த 48 கணக்கிடப்படுகிறது, அதற்கு முன் என்ன கழிக்கப்படுகிறது, அதன் பிறகு எதெல்லாம் அதிலிருந்து போகிறது என்ற மூன்றையும் பார்க்காதவரை அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க மூன்று ஆவணங்கள் போதும்: லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம், ஒவ்வோர் ஆண்டும் சீசனுக்கு முன் வெளியாகும் சம்பள உச்சவரம்பு (ஓர் அணி ஓர் ஆண்டில் தன் வீரர்களுக்கென்று கணக்கில் வைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை) அறிவிப்பு, கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஆண்டறிக்கை. மூன்றாவது எதற்கு என்பது பின்னால் புரியும்.

முதலில், வெவ்வேறு ஒப்பந்தங்களின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் வீரர்களின் பங்கு ஏறத்தாழ 60 சதவீதம், இப்போது 48. மேலோட்டமாகப் பார்த்தால் வீரர்கள் பன்னிரண்டு புள்ளிகளைப் பறிகொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த 60 சதவீதம், சுமார் 100 கோடி டாலரை உரிமையாளர்களின் செலவுக்கென்று முதலில் ஒதுக்கிய பிறகு எஞ்சிய தொகையின் மேல் கணக்கிடப்பட்டது. வரவு 900 கோடி டாலர் என்று கொண்டால், 100 கோடியைக் கழித்த 800 கோடியில் 60 சதவீதம் 480 கோடி. அது முழு வரவில் ஏறத்தாழ 53 சதவீதம்தான். 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தமோ 'மொத்த வருவாய்' என்ற அடித்தளத்தின் மேலேயே பங்கைக் கணக்கிடுகிறது. ஆகவே வீரர்கள் இழந்தது உண்மை, இழந்த அளவு தலைப்புச் செய்தி சொன்னதில் பாதிக்கும் குறைவு. உரிமையாளர்கள் 2008இல் பழைய ஒப்பந்தத்திலிருந்து விலகத் தீர்மானித்ததும், 2011 மார்ச் முதல் ஜூலை வரை கதவடைப்பு நடத்தியதும் இந்த அடித்தளத்தை மாற்றத்தான். முன்கூட்டியே எடுத்துவைக்கும் தொகையை மேலும் ஒரு 100 கோடி உயர்த்த வேண்டும் என்பதே அவர்கள் தொடக்கத்தில் முன்வைத்த கோரிக்கை. வருவாயில் நேரடிச் சதவீதம் என்ற எண்ணம் வீரர்கள் தரப்பிலிருந்து வந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1982இல் 57 நாள் வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் கேட்டது மொத்த வருவாயில் 55 சதவீதம். அன்று அது கிடைக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'வருவாய்ப் பகிர்வு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறது: உரிமையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது ஒன்று, வீரர்களோடு பகிர்ந்துகொள்வது மற்றொன்று. பீட் ரோசெல் லீகின் ஆணையராக இருந்தபோது, 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், அணிகள் தங்கள் ஒளிபரப்பு உரிமைகளை ஒன்றுசேர்த்து விற்பதற்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. அதன்பின் தொலைக்காட்சிப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. டிக்கெட் வசூலிலும் 34 சதவீதம் வெளியூர் அணிகளுக்கென்று பொது நிதியில் சேர்கிறது. இந்த முதல் பகிர்வு இல்லாமல் இரண்டாவது நிற்காது. ஏனென்றால் பெருநகர அணிக்கும் சிறுநகர அணிக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றே, அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் வலிமை இரண்டுக்கும் இருந்தாக வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தம் வரவை மூன்று பெட்டிகளாகப் பிரித்தது. லீக் அளவிலான ஒளிபரப்பு வரவில் 55 சதவீதம், லீகின் வணிகப் பிரிவுகளும் பிளேஆஃப் ஆட்டங்களும் ஈட்டுவதில் 45 சதவீதம், ஒவ்வோர் அணியும் தன் ஊரில் ஈட்டுவதில் 40 சதவீதம் என்று மூன்று விகிதங்கள். ஓர் எடுத்துக்காட்டாக, ஒளிபரப்பில் 1,000, வணிகத்தில் 300, உள்ளூரில் 700 என்று மொத்தம் 2,000 வரவு என்று வைத்துக்கொள்வோம். வீரர்களின் பங்கு முறையே 550, 135, 280. கூட்டினால் 965, அதாவது 48.25 சதவீதம். இப்போது மொத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒளிபரப்பை 800 ஆகக் குறைத்து உள்ளூர் வரவை 900 ஆக உயர்த்திப் பாருங்கள். 440, 135, 360 என்று வரும்; கூட்டுத்தொகை 935, அதாவது 46.75 சதவீதம். ஒரு டாலர்கூடக் குறையாத நிலையில் வீரர்களின் பங்கு 30 குறைந்துவிட்டது. அரங்கின் சொகுசு இருக்கைகளும் உள்ளூர் விளம்பரங்களும் வேகமாக வளரும் காலத்தில் வீரர்கள் சங்கம் கவலைப்படுவது இதனால்தான். தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் பெருக்கும்போது அது மகிழ்வதும் இதனால்தான். 2023இல் நடைமுறைக்கு வந்த ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு பதினோரு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டாலர் என்பதை இந்தப் பெட்டிக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அதன் எடை விளங்கும்.

இந்தச் சரிவைத் தடுக்கவே ஒப்பந்தத்தில் ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, அதன் காலம் முழுமைக்குமான சராசரி 47 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2020 மார்ச்சில் 1,019க்கு 959 என்ற நெருக்கமான வாக்கு வித்தியாசத்தில் வீரர்கள் ஏற்றுக்கொண்ட இப்போதைய ஒப்பந்தம், 2021 முதல் அதை 48 ஆக உயர்த்தியது. 17 ஆட்டங்கள் கொண்ட சீசன்களில் தொலைக்காட்சி வரவு போதிய அளவு வளர்ந்தால் அதற்கும் சற்று மேலே போக வழி செய்தது. நம் இரண்டாவது எடுத்துக்காட்டில் 935 என்பது 960 ஆக ஏற்றப்படும் என்று பொருள். இதோடு அரங்குக் கழிவு என்ற ஒன்றையும் கவனிக்க வேண்டும். புது அரங்கு கட்டுவதற்கும் பழையதைச் சீரமைப்பதற்கும் உரிமையாளர்கள் செய்யும் செலவுக்காக, மொத்த வரவில் 1.5 சதவீதம் வரை வீரர்களின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ள 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இடம் கொடுத்தது. 2,000இல் அது 30. கேட்பதற்குச் சிறியதாக இருந்தாலும், வீரர்களும் அரங்குக்குச் செங்கல் வாங்கித் தருகிறார்கள் என்பதை மறைமுகமாகச் சொல்லும் விதி இது.

பங்கு தெரிந்தபின் அதை உச்சவரம்பாக மாற்றுவது எளிது, ஆனால் பெரும்பாலோர் இங்கேதான் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். வீரர்களின் மொத்தப் பங்கிலிருந்து முதலில் ஓய்வூதியம், மருத்துவம், ஓய்வுபெற்ற வீரர்களுக்கான உதவி போன்ற நலச் செலவுகள் போகின்றன. எஞ்சியதை 32 அணிகளால் வகுத்தால் வருவதே உச்சவரம்பு. 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அணிக்கு உச்சவரம்பு 25.54 கோடி டாலர். நலச் செலவு அணிக்கு 7.4 கோடி, இரண்டும் சேர்ந்து 32.94 கோடி. 32 அணிகளுக்கும் கூட்டினால் 1,054 கோடி டாலர். உச்சவரம்பை மட்டும் பார்த்தவர் வீரர்களுக்கு உரியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்.

அந்த 1,054 கோடியை 0.48ஆல் வகுத்து லீகின் மொத்த வரவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். 2024ஐப் பொறுத்தவரை அப்படிச் செய்ய வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் பார்வையாளர்கள் இல்லாமல் ஆட்டங்கள் நடந்ததால், 2020இல் 19.82 கோடியாக இருந்த உச்சவரம்பு 2021இல் 18.25 கோடியாக இறங்கியது. உண்மையான இழப்பு ஒரே ஆண்டில் விழாதபடி அதைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பினார்கள். அந்தப் பாக்கி தீர்ந்த பிறகு, 2023இல் 22.48 கோடியாக இருந்த வரம்பு அடுத்த ஆண்டே மூன்று கோடிக்கு மேல் தாவியது. எந்த ஓர் ஆண்டின் உச்சவரம்பும் அந்த ஆண்டின் வரவை மட்டும் காட்டுவதில்லை. பழைய கடனும் முன்கூட்டிய கணிப்பும் அதில் கலந்திருக்கும்.

உரிமையாளர்களின் பக்கத்தைப் பார்க்க ஒரே ஒரு சாளரம்தான் திறந்திருக்கிறது. லீகின் மற்ற அணிகள் தனியாருடையவை. பேக்கர்ஸ் மட்டும் பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் அணி என்பதால் கணக்கை வெளியிடுகிறது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் லீகிலிருந்து அதற்கு வந்த பங்கு 40.23 கோடி டாலர். உள்ளூர் வரவு சுமார் 25 கோடி. லீக் பங்கு எல்லா அணிகளுக்கும் சமம் என்பதால், அதை 32ஆல் பெருக்கினால் லீக் பிரித்துக் கொடுத்தது ஏறத்தாழ 1,287 கோடி என்று தெரிந்துவிடுகிறது. ஒப்பிடும்போது ஆண்டைப் பிசகாமல் பொருத்த வேண்டும்: அந்த நிதியாண்டு 2023 சீசனுக்கு உரியது. ஆகவே அதன் எதிரே வைக்க வேண்டியது 2024இன் 25.54 கோடி அல்ல, 2023இன் 22.48 கோடி. கழித்தால் 17.75 கோடி. ஒரு டிக்கெட்கூட விற்காமல் வீரர்களின் சம்பள வரம்பு முழுவதையும் கொடுத்துவிட்டு மிஞ்சும் தொகை அது. நலச் செலவு, பயிற்சியாளர்கள், பயணம், நிர்வாகம் எல்லாம் அதிலிருந்து போக வேண்டும் என்பதால் அதை இலாபம் என்று அழைப்பது தவறு. ஆனால் எந்த உரிமையாளரும் நட்டக்கதை சொல்லும்போது இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, உச்சவரம்புக் கணக்கும் கையில் போகும் ரொக்கமும் ஒன்றல்ல. ஒரு வீரர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் கையொப்ப போனஸும் முதலாண்டுச் சம்பளமாக 20 லட்சமும் பெறுகிறார் என்று கொள்வோம். ரொக்கமாக 2.2 கோடி அவர் கைக்கு வருகிறது. வரம்புக் கணக்கிலோ போனஸ் ஐந்தாண்டுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கு 40 லட்சமாகும், முதலாண்டுச் சுமை 60 லட்சம் மட்டுமே. இரண்டாண்டுகளில் அவரை அணியிலிருந்து நீக்கினால், எஞ்சிய 1.2 கோடி அவர் இல்லாத அணியின் கணக்கில் வந்து உட்காரும். அதனால்தான் ஒரே ஆண்டில் ஓர் அணி வரம்பைத் தாண்டி ரொக்கம் கொடுக்கவும், இன்னோர் அணி வரம்புக்கு வெகு கீழே நிற்கவும் முடிகிறது. இப்படிக் கீழே நிற்பதைக் கட்டுப்படுத்த, சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கையில் ஒவ்வோர் அணியும் வரம்பில் குறைந்தது 90 சதவீதத்தை ரொக்கமாகச் செலவிட்டிருக்க வேண்டும் என்று இப்போதைய ஒப்பந்தம் சொல்கிறது. உச்சவரம்பே இல்லாத 2010ஐ வீரர்களின் பொற்காலம் என்று எண்ணுவோர், அந்த ஆண்டில் கீழ்வரம்பும் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வீரர்களின் பங்கு அவர்களுக்குள் எப்படிப் பிரிகிறது என்பதற்கு முதல் ஆண்டு வீரர்களின் ஊதிய அட்டவணையைப் பார்த்தால் போதும். 2010 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை 5 கோடி டாலர். 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி மறு ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு 2.2 கோடி. மொத்தப் பங்கின் சதவீதம் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே நிர்ணயிக்கப்பட்டுவிட்ட பிறகு, புதியவரிடமிருந்து குறைத்தது பெரும்பாலும் மூத்த வீரர்களின் பக்கம் நகர்கிறதே தவிர, உரிமையாளரிடம் திரும்பிப் போவதில்லை.